ஆபரேஷன் நல்லா முடிஞ்சது, எக்ஸ்ரேயும் க்ளியர்னு சொல்றாங்க, அப்புறம் எதுக்கு மறுபடி ப்ராங்கோஸ்கோபி?

அரைத்தூக்கம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சுட்டு மட்டும் போவேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு 64 வயசு. வலது நுரையீரலோட மேல் லோபுக்கு (நுரையீரலோட ஒரு பாகம்) போற மூச்சுக்குழாயோட வாயிலயே ஒரு கட்டி, கார்சினாய்டுன்னு (மெதுவா வளர்ற ஒரு வகைக் கட்டி) ரிப்போர்ட். ஸ்லீவ் லோபெக்டமின்னு அந்த லோபை எடுக்கற ஆபரேஷன் பண்ணி இன்னியோட 6 நாள் ஆச்சு. நெஞ்சுல இருந்து காத்தையும் நீரையும் வெளியேத்த போட்ட ட்ரெயின் ட்யூப் நேத்து எடுத்துட்டாங்க, வராண்டால நடக்கறாரு, காய்ச்சல் இல்ல, ஆக்சிஜன் சாச்சுரேஷன் 96, எக்ஸ்ரே பாத்துட்டு சர்ஜனே நல்லா இருக்குன்னு சொன்னாரு. சரி வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பாத்தா, நாளன்னிக்கு ஒரு தடவை ப்ராங்கோஸ்கோபி (கேமரா வச்ச குழாயை மூச்சுக்குழாய்க்குள்ள விட்டுப் பாக்கறது) போட்டுப் பாத்துட்டு அனுப்பறோம்னு ஜூனியர் டாக்டர் வந்து சொல்லிட்டு கையெழுத்து வாங்கற பேப்பரை வச்சுட்டு போயிட்டாரு. எதுக்குன்னு கேட்டா "ரொட்டீன்"ங்கறார், அவ்ளோதான்.

அப்பா ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டப்போ தண்ணில மூழ்கற மாதிரி இருந்துச்சாம். "நல்லாத்தான இருக்கேன், நல்லா இருக்கறவனுக்கு எதுக்குடா குழாயை விட்டு நோண்டணும்"னு கேக்கறாரு, எனக்கு பதில் தெரியல. இது அவசியம்தானா, தையல் போட்ட இடத்துல குழாயை விட்டா தையல் பிரிஞ்சிடாதா, சிடி எடுத்தா போதாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், ரெண்டு நாள்தான் இருக்கு.

---

கேள்விக்கணை எழுதியது:

என் மச்சானுக்கு 2 வருஷம் முன்னாடி இடது கீழ் லோப் எடுத்தாங்க. ஒரு ப்ராங்கோஸ்கோபியும் கிடையாது, எக்ஸ்ரே மட்டும்தான், அஞ்சாம் நாள் வீட்டுக்கு வந்துட்டான், இன்னிக்கு வரைக்கும் ஜம்முனு இருக்கான். நல்லா இருக்கற ஆளுக்கு டெஸ்ட் மேல டெஸ்ட் எழுதறது ஒரு பழக்கமாவே போச்சு. சிடி கேளுங்க, வலியும் இல்ல, மூச்சுத் திணறலும் இல்ல.

---

நைட்டுடியூட்டி எழுதியது:

அரைத்தூக்கம் தம்பி, நான் ப்ராங்கோஸ்கோபி ரூம்ல 11 வருஷமா நர்ஸ். டாக்டர் இல்ல, அதனால உங்கப்பாவுக்கு போடலாமா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்துல நின்னு அந்த ஸ்க்ரீனை தினம் பாக்கறவ, அதுல என்னத்த தேடறாங்கன்னு சொல்ல முடியும்.

முதல்ல கேள்விக்கணை சாருக்கு. உங்க மச்சானுக்கு பண்ணதும் இவங்கப்பாவுக்கு பண்ணதும் ஒரே ஆபரேஷன் இல்ல சார். சாதா லோபெக்டமில லோபுக்கு போற கிளைக்குழாயை அடில ஸ்டேப்ளர் போட்டு அடைச்சு வெட்டிடுவாங்க, ஒரு மூடி போட்ட மாதிரி. காத்து போற மெயின் ரோடு அப்படியே இருக்கும். ஸ்லீவ்ல அப்படி இல்ல. கட்டி கிளையோட வாயிலயே உக்காந்திருக்கறதால மெயின் குழாயில இருந்தே ஒரு வளையம் சேத்து வெட்டி எடுத்துட்டு, மேல் நுனியையும் கீழ் நுனியையும் கொண்டுவந்து சுத்தி தைப்பாங்க. சட்டைக் கையை நடுவுல ஒரு துண்டு வெட்டிட்டு மறுபடி ஒட்டுத்தையல் போட்ட மாதிரி, பேரே அதனாலதான். அப்போ மிச்சமிருக்கற நடு லோப், கீழ் லோப் ரெண்டுக்கும் போற காத்து முழுக்க அந்த ஒரு தையலைத் தாண்டித்தான் போகணும்.

அந்தத் தையல் ஒட்டறதுக்கு ரத்தம் வரணும். குழாய்க்குன்னு தனியா இருக்கற மெல்லிசான ரத்தக்குழாய்ங்கல்லாம் வெட்டும்போதும், நெறிக்கட்டியெல்லாம் சுத்தம் பண்ணும்போதும் போயிடும். கொஞ்ச நாளைக்கு அந்த ஓரம் அரைப்பட்டினியில இருக்கும்னு வச்சுக்கோங்க. பட்டினி தாங்குச்சா இல்லையான்னு எக்ஸ்ரேல தெரியாது. கண்ணால பாத்தாத்தான் தெரியும், ஏன்னா அது கலர். ரோஸ் கலர்னா சந்தோஷம். கொஞ்சம் வெளிறி, தையல் ஓரத்துல வெள்ளையா பாலாடை மாதிரி படிஞ்சிருந்தா அதுவும் பெரும்பாலும் சகஜம்தான். சாம்பலா, கருப்பா இருந்தா ரூம்ல பேச்சு நின்னுடும்.

இதைத்தான் அந்த ஜூனியர் "ரொட்டீன்"னு ஒத்த வார்த்தைல முடிச்சிருக்கார். அவரைத் திட்டணும்னு தோணுது ஆனா அவரும் 30 மணி நேரமா தூங்காம இருந்திருப்பார், விடுங்க.

---

கேள்விக்கணை எழுதியது:

வித்தியாசம் இருக்குன்னு ஒத்துக்கறேன் மேடம், ஸ்லீவ்னு கவனிக்காம எழுதிட்டேன். ஆனா சிடி கேள்வி அப்படியே நிக்குதே? இப்பல்லாம் ஒரு மில்லிமீட்டர் கனத்துல வெட்டிக் காட்டுது, குழாய்க்குள்ள போற மாதிரியே கம்ப்யூட்டர்ல படம் போடுது. அதுக்கு மேல என்ன வேணும்?

---

மார்புக்கூடு_மாணவன் எழுதியது:

நான் தொராசிக் சர்ஜரி, அதாவது நெஞ்சு ஆபரேஷன் ட்ரெயினி, அந்த 30 மணி நேர ஆளுங்கள்ல ஒருத்தன் 🙂

சிடியும் ஸ்கோப்பும் போட்டியாளர் இல்லண்ணா, ஒண்ணு வெளியில இருந்து பாக்குது, ஒண்ணு உள்ள இருந்து. குழாய்ச் சுவருக்கு அந்தப்பக்கம் என்ன நடக்குதுன்னு ஸ்கோப்புக்கு தெரியவே தெரியாது. தையல் ஓரம் லேசா விட்டு வெளிய ஒரு காத்துக் குமிழ் நிக்குதா, சீழ் கட்டியிருக்கா, பக்கத்துல ரத்தக்குழாய் எவ்ளோ கிட்ட இருக்கு, இதெல்லாம் சிடி. தையல் பிரியறதைக் கண்டுபிடிக்கறதுல சிடி நல்லாவே உதவும், குழாய்க்கு வெளிய இருக்கக்கூடாத இடத்துல காத்து தெரியும். கம்ப்யூட்டர்ல போடற அந்த "உள்ள போற" படமும் சுருக்கத்தோட நீளம் எவ்ளோ, சுருக்கத்துக்கு அந்தப்பக்கம் குழாய் திறந்திருக்கான்னு காட்டும், அதை ஸ்கோப்பாலயே சில சமயம் பாக்க முடியாது, ஏன்னா ஸ்கோப் அதுக்குள்ள நுழையவே நுழையாது.

ஆனா சிடிக்கு கலர் கிடையாது. வெறும் சளி ஒட்டிட்டிருக்கறதும் சதை வளந்து நிக்கறதும் அதுல சில நேரம் ஒரே மாதிரிதான் தெரியும். நைட்டுடியூட்டி அக்கா சொன்ன அந்த ரோஸும் சாம்பலும் தெரியாது. சளி அடைச்சிருந்தா உறிஞ்சி எடுக்க முடியாது. அங்க பூஞ்சை வளருதான்னு சாம்பிள் எடுக்க முடியாது.

இன்னொன்னு நேர்மையா சொல்லணும். நுரையீரல் ஆபரேஷன் ஆன எல்லாருக்கும் ஸ்கோப் போடறதில்ல, போடவும் வேணாம். சாதா லோபெக்டமி ஆகி நல்லா இருக்கறவங்களுக்கு தேவையே இல்ல. உங்க மச்சானுக்கு போடாதது சரிதான். ஸ்லீவ்லகூட சில செண்டர்ல ஒரு வாரம் பக்கத்துல, வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, எல்லாருக்கும் பாப்பாங்க. சில இடத்துல ஏதாவது தொந்தரவு வந்தா மட்டும்தான் பாப்பாங்க. ரெண்டு பேருக்கும் வாதம் இருக்கு. எங்க யூனிட்லயே ரெண்டு சீனியருக்கு இதுல ஒத்துப்போகாது, நாங்க நடுவுல மாட்டிப்போம். என் சொந்தக் கருத்து என்னன்னா, தையல் சுத்துவட்டமா இருந்தா ஒரு தடவையாவது பாத்துட்டு அனுப்பறது நல்லது, ஏன்னா கெட்டுப்போற தையல் முதல் ரெண்டு வாரத்துல ரொம்ப அமைதியா இருக்கும், காய்ச்சலும் இருமலும் வர்றப்போ விஷயம் முத்திப்போயிருக்கும்.

---

இரவல்மூச்சு எழுதியது:

எனக்கு ரெண்டு நுரையீரலும் மாத்தினது 5 வருஷம் முன்னாடி. ப்ராங்கோஸ்கோபி எத்தனை தடவைன்னு இருபதுக்கு மேல எண்றதை விட்டுட்டேன். உங்கப்பாகிட்ட சொல்லுங்க, ஒருத்தன் இதை பல்லு விளக்கற மாதிரி பண்ணிட்டிருக்கான்னு.

எங்க கேஸ்ல தையல் பிரச்சனை இன்னும் பெருசு. நுரையீரலை மாத்தும்போது குழாயோட அந்த மெல்லிசு ரத்தக்குழாயை வழக்கமா இணைக்கறதே இல்ல. புதுக் கிளைங்க வளந்து வர்ற வரைக்கும், சில வாரம், நுரையீரலுக்குள்ள இருந்து பின்பக்கமா கசியற ரத்தத்துலதான் ஓடணும், அதுவும் ஆக்சிஜன் கம்மியான ரத்தம். 1963ல ஜேம்ஸ் ஹார்டி முதல் தடவையா மனுஷனுக்கு நுரையீரல் மாத்தினார், அந்த நோயாளி 18 நாள் இருந்தார். அதுக்கப்புறம் 20 வருஷம் உலகம் பூரா செஞ்சு பாத்து தோத்ததுக்கு முக்கியமான காரணத்துல ஒண்ணு இந்தக் குழாய்த் தையல் பிரிஞ்சு போறதுதான். 1983ல டொரண்டோவுல ஜோயல் கூப்பர் டீம்தான் நீண்ட நாள் தாங்கற மாதிரி ஒத்த நுரையீரலை மாத்திக் காட்டினாங்க, தையலைச் சுத்தி வயித்துக்குள்ள இருக்கற கொழுப்புத் திரையை இழுத்துட்டு வந்து போத்தி. படிச்சப்போ எனக்கு புல்லரிச்சுது. இன்னிக்கும் செண்டருக்கு செண்டர் 2லிருந்து 18 சதவீதம் வரைக்கும் மாத்தினவங்களுக்கு குழாய்ல ஏதாவது ஒரு தொல்லை வருதுங்கறாங்க, நான் அந்த லிஸ்ட்ல ஒருத்தன்.

எனக்கு மூணாவது மாசம். உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுல தினம் ஊதற மெஷின்ல நம்பர் மெதுவா இறங்குச்சு, நான் சரியா ஊதலன்னு நெனச்சேன். அப்புறம் ராத்திரி வலது பக்கம் மட்டும் ஒரு விசில், படுத்தா கேக்கும், உக்காந்தா போயிடும். ரிஜெக்‌ஷனோன்னு பயந்து போனேன், அதாவது புது நுரையீரலை உடம்பு ஏத்துக்கலையோன்னு. ஸ்கோப் போட்டா வலது பக்கம் தையலைத் தாண்டி குழாய் பென்சில் கனத்துக்கு சுருங்கிப் போய்க் கிடந்துச்சு. எக்ஸ்ரேல ஒண்ணுமே தெரியல, எக்ஸ்ரே சூப்பர்.

பலூன் வச்சு விரிச்சாங்க. மூணு வாரத்துல மறுபடி சுருங்குச்சு. மறுபடி பலூன். நாலாவது தடவை குழாய் சுருங்காம தாங்கிப் பிடிக்கற சிலிக்கான் ஸ்டெண்ட் வச்சாங்க, 8 மாசம் கழிச்சு எடுத்தாங்க, அதுக்கப்புறம் நிக்குது.

---

அரைத்தூக்கம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, நிஜமாவே. ராத்திரி அப்பாகிட்ட இரவல்மூச்சு அண்ணா எழுதினதை வாசிச்சுக் காட்டினேன், "இருபதா?"ன்னு மட்டும் கேட்டுட்டு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அரை சம்மதம்னு எடுத்துக்கறேன்.

அந்த மூழ்கற மாதிரி இருக்கறதுக்கு ஏதாவது வழி இருக்கா அக்கா? அதுதான் அவரோட ஒரே பயம். அப்புறம் தையல் பிரியுமாங்கறதுக்கும் யாரும் பதில் சொல்லல.

---

நைட்டுடியூட்டி எழுதியது:

தையலைப் பத்தி முதல்ல. வளையற ஸ்கோப் 5, 6 மில்லிமீட்டர் கனம்தான், ஒரு சாதாரண பேனா அளவுகூட இல்ல. பாக்க மட்டும் போறவங்க தையலை இடிக்க மாட்டாங்க, தள்ளி நின்னு பாத்துட்டு, அவசியம்னாதான் மெதுவா தாண்டுவாங்க. புதுத் தையல்ல உறிஞ்சற குழாயை நேரா வச்சு இழுக்கக்கூடாதுன்னு எங்க சீனியர் புதுசா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் கத்துவார். ஆபத்தே இல்லன்னு சொல்லல, ஆனா பாக்கறதால தையல் பிரிஞ்சதை 11 வருஷத்துல நான் பாக்கல.

மூழ்கற மாதிரி. இது ரொம்ப பேர் சொல்றது. மரத்துப்போற மருந்து, லிக்னோகெயின், தொண்டைல அடிச்சு, அப்புறம் ஸ்கோப் வழியாவே குரல் நாண் மேல கொஞ்சம், உள்ள கொஞ்சம் விடுவாங்க. அந்த விடற திரவம்தான் அந்த ஒரு நொடி புரைக்கேறற மாதிரி இருக்கும். கசக்கும். தொண்டை மரத்துடுச்சுன்னா எச்சில் முழுங்கறது தெரியாது, அதை மூச்சு வரலன்னு மூளை தப்பா புரிஞ்சுக்கும், ஆனா மூச்சு போயிட்டுதான் இருக்கும். அப்பாகிட்ட சொல்லுங்க, எச்சிலை முழுங்க வேணாம், வெளிய வழிய விடட்டும், நாங்க துடைச்சுப்போம், அதுக்குதான் இருக்கோம். மூச்சை சின்னச் சின்னதா, நாய் இளைக்கற மாதிரி விடச் சொல்லுங்க. பேச முயற்சி பண்ண வேணாம், கையைத் தூக்கினா போதும் நிறுத்திடுவோம்.

முக்கியமா, போன தடவை கஷ்டப்பட்டார்ங்கறதை முன்னாடியே சொல்லிடுங்க. மயக்க ஊசி, மிடசோலாம் மாதிரி, கொஞ்சம் கூட்டியோ வேற சேர்த்தோ போடுவாங்க. நிறைய பேருக்கு முடிஞ்சதே ஞாபகம் இருக்காது. ஒரு லோப் எடுத்தவர்ங்கறதால ரொம்ப ஆழமா தூங்க வைக்க யோசிப்பாங்க, அது நியாயம்தான்.

மத்தபடி 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் ஓகேன்னு பொதுவா சொல்வோம், உங்க வார்டுல சொல்றதையே கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க வயித்துல ஊசி போடறாங்கன்னா கடைசி டோஸ் எப்போன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, க்ளோபிடோக்ரெல் மாதிரி மாத்திரை இருந்தா கட்டாயம் சொல்லுங்க. முடிஞ்சதும் தொண்டை மரமரப்பு போற வரைக்கும், ஒரு 2 மணி நேரம், ஒரு வாய் தண்ணிகூட கூடாது. அதுக்குள்ள பாசத்துல தண்ணி குடுத்து நுரையீரலுக்குள்ள அனுப்பறது யாருன்னு பாத்தா எப்பவும் சொந்தக்காரங்கதான். சாயந்திரம் லேசா காய்ச்சல், சளில ஒரு கோடு ரத்தம், தொண்டை கரகரப்பு இதெல்லாம் ஒரு நாள்ல போயிடும்.

---

பழைய_ரேடியோ எழுதியது:

நான் வேற மாதிரி ஒரு கதை சொல்றேன். பயமுறுத்த இல்ல, எங்களுக்குத் தெரியாமப் போச்சு, உங்களுக்காவது தெரியட்டும்.

எங்க மாமாவுக்கு வலது பக்க நுரையீரலை முழுசா எடுத்தாங்க. பத்து நாள்ல வீட்டுக்கு வந்துட்டாரு. 12ஆம் நாள் காலைல இருந்து இருமல். சளி இல்ல, தண்ணி மாதிரி, கொஞ்சம் ரோஸா, வாயில கொழகொழன்னு இல்லாம அப்படியே ஊத்துது, ஒரு துண்டே நனைஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ண இடத்துக்கு போன் போட்டா யாரோ எடுத்து "இருமல் சகஜம்தான், ஃபாலோஅப் அன்னிக்கு வாங்க"ன்னுட்டாங்க. அத்தை பாவம், ஆபரேஷன் பண்ண பக்கம் வலிக்கும்னு இடது பக்கமா, அதாவது நல்ல நுரையீரல் பக்கமா சாச்சுப் படுக்க வச்சாங்க. அஞ்சே நிமிஷத்துல மூச்சு முட்டிடுச்சு.

ஆம்புலன்ஸ்ல வந்த பையன்தான் ஃபைலைப் பாத்துட்டு "எந்தப் பக்கம் எடுத்தாங்க? வலதா? அந்தப் பக்கம் கீழ இருக்கற மாதிரி சாய்ங்க, நல்லது மேல"ன்னு சொல்லி திருப்பிப் போட்டான். அவன் வயசு 25 இருக்கும். அன்னிக்கு அவன்தான் காப்பாத்தினான். அப்புறம் ஐசியூ, ட்ரெயின் ட்யூப், ப்ராங்கோஸ்கோபி, ஓட்டை இருக்குன்னு மறு ஆபரேஷன், 2 மாசம். பிழைச்சுட்டாரு. இப்ப 4 வருஷம் ஆச்சு.

---

மார்புக்கூடு_மாணவன் எழுதியது:

ரேடியோ சார், அந்த ஆம்புலன்ஸ் தம்பிக்கு ஒரு சல்யூட். இதை எங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தருவாங்க, ஆனா நோயாளி வீட்டுக்காரங்களுக்கு சொல்றோமான்னா… இல்ல.

இதுக்கு பேரு ப்ராங்கோப்ளூரல் ஃபிஸ்டுலா. அடைச்ச குழாய் நுனி, நாங்க ஸ்டம்ப்னு சொல்வோம், அது திறந்துக்கறது. நுரையீரல் எடுத்த காலி இடம் சும்மா காலியா இருக்காது, வாரக்கணக்குல மெல்ல மெல்ல நீர் ஊறி நிரம்பும். எக்ஸ்ரேல அந்த நீர்மட்டம் ஏறிட்டே போகும். மட்டம் ஏறணும், இறங்கக்கூடாது. திடீர்னு இறங்கினா அந்த தண்ணி எங்கயோ போகுதுன்னு அர்த்தம், மாமா துண்டுல நனைஞ்சது அதுதான். நல்ல பக்கம் கீழ வச்சா மொத்தமும் அங்க கொட்டும்.

வலது பக்கம் முழுசா எடுக்கறப்போ இது அதிகம். இடது ஸ்டம்ப் பெருந்தமனிக்கு அடில பின்வாங்கி பத்திரமா ஒளிஞ்சுக்கும், வலது ஸ்டம்ப் மேல போத்திக்க ஒண்ணும் இல்லாம காலி இடத்தைப் பாத்துட்டு நிக்கும், குழாயும் பெருசு, வர்ற ரத்தமும் கம்மி. அதனாலதான் வலது பக்கம்னா விலா எலும்புக்கு நடுவுல இருக்கற தசையையோ கொழுப்பையோ இழுத்து அது மேல தைப்போம். லோபெக்டமிக்கு அப்புறம் இது 1 சதவீதம் பக்கம்தான் இல்ல அதுக்கும் கீழ, முழுசா எடுத்தா பல மடங்கு. சக்கரை, ஸ்டீராய்டு, முன்னாடியே ரேடியேஷன், ஆபரேஷனுக்கு அப்புறம் ரொம்ப நாள் வெண்டிலேட்டர், இதெல்லாம் இருந்தா இன்னும்.

இங்க ஸ்கோப்தான் முக்கியமான கருவி. பெரிய ஓட்டைன்னா நேராவே தெரியும். ஊசிமுனை அளவு ஓட்டை தெரியாது, அப்போ ஸ்டம்ப் மேல கொஞ்சம் சலைன் விட்டுட்டு காத்திருப்போம். ஒவ்வொரு இருமலுக்கும் அதுல குமிழ் வரும், பங்சர் பாக்கற கடையில ட்யூபை தண்ணில முக்கற மாதிரியேதான். சின்னதா இருந்தா ஸ்கோப் வழியாவே பசை மாதிரி மருந்து வச்சு அடைச்சுப் பாக்கலாம், சில மில்லிமீட்டருக்கு மேல போனா ஆபரேஷன்தான் நம்பிக்கை. ஒருதடவை ஸ்கோப்ல ஓட்டை தெரியலன்னா ஓட்டை இல்லன்னும் அர்த்தமில்ல, சந்தேகம் இருந்தா மறுபடி பாக்கணும்.

---

சும்மாஒருத்தி எழுதியது:

குறுக்க வர்றேன் மன்னிச்சுக்கோங்க. அம்மாவுக்கு ட்ரெயின் பாட்டில்ல 8 நாளா குமிழ் வந்துட்டே இருக்கு, இதுவும் அந்த ஃபிஸ்டுலாவா?? இடது மேல் லோப் எடுத்தாங்க. இன்னொன்னு, ஆபரேஷன்ல இருந்து குரல் கம்மிப்போச்சு, தண்ணி குடிச்சா இருமறாங்க. ட்யூப் போட்டதால இருக்கும்னு நெனச்சோம்.

---

மார்புக்கூடு_மாணவன் எழுதியது:

அக்கா, குமிழ் பெரும்பாலும் அது இல்ல. நுரையீரலை வெட்டின மேல்பரப்புல இருந்து காத்து கசியும், 5 நாளுக்கு மேல போனா நாங்க நீண்ட கசிவுன்னு சொல்வோம், நிறைய பேருக்கு வரும், பெரும்பாலும் தானா அடங்கும். அதுக்கு ஸ்கோப் போட்டாலும் உள்ள ஒண்ணும் தெரியாது. அடங்கவே இல்லன்னா ஒவ்வொரு கிளையா பலூன் வச்சு அடைச்சு எதை அடைச்சா பாட்டில்ல குமிழ் நிக்குதுன்னு பாத்து அங்க ஒருவழி வால்வு வைக்கறது உண்டு. ஆனா இருமாமலே, ஒவ்வொரு மூச்சுக்கும் கொப்புளிச்சா, கூடவே காய்ச்சலோ கழுத்து வீங்கி தொட்டா நறநறன்னோ இருந்தா உடனே சொல்லணும்.

ரெண்டாவது விஷயம்தான் எனக்கு உறுத்துது. இடது பக்கம் குரல் நாணுக்கு போற நரம்பு நெஞ்சுக்குள்ள இறங்கி பெருந்தமனியைச் சுத்திட்டு மறுபடி மேல ஏறும், இடது மேல் லோப் எடுக்கற இடத்துக்கு ரொம்ப கிட்ட. அது அடிபட்டா குரல் நாண் ஒண்ணு அசையாது, தண்ணி உள்ள இறங்கும். குடிச்சா இருமறாங்கங்கறதை இன்னிக்கே வார்டுல சொல்லுங்க, நாளைக்கு இல்ல. ஸ்கோப் குரல் நாணைத் தாண்டித்தான் போகணும், போற வழிலயே "ஈ…"ன்னு சொல்லச் சொல்லி பாத்துடலாம்.

---

சும்மாஒருத்தி எழுதியது:

சொல்லிட்டேன். வாய்வழியா எதுவும் குடுக்க வேணாம்னு உடனே நிறுத்திட்டாங்க, ஈஎன்டி வர்றாங்களாம். நன்றி தம்பி. கை நடுங்குது.

---

அரைத்தூக்கம் எழுதியது:

முடிஞ்சுது!! காலைல 9 மணிக்கு உள்ள போனாரு, 20 நிமிஷத்துல வெளிய. எச்சிலை முழுங்காதீங்கன்னு சொன்னதுதான் பெரிய உதவியாம், நைட்டுடியூட்டி அக்காவுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாரு. வேற எதுவும் ஞாபகம் இல்லையாம்.

சர்ஜனே ஸ்க்ரீன்ல எடுத்த படத்தைக் காட்டினாரு. ஒரு ரோஸ் கலர் சுரங்கம், அதுக்கு நடுவுல சுத்தி ஒரு வட்டம், அதுல ஊதா கலர் முடிச்சு அங்கங்க. வட்டத்தோட முக்கால்வாசி ரோஸ். பின்பக்கமா ஒரு கால்வாசி வெளிறி, மேல வெள்ளையா ஒட்டிட்டிருக்கு, அக்கா சொன்ன பாலாடை. பிரியல, குழாய் நல்லா திறந்திருக்கு, ஆனா அந்த கால்வாசிக்காக இன்னும் 4 நாள் இங்கயே வச்சு ஆன்டிபயாடிக் குடுத்துட்டு மறுபடி ஒரு தடவை பாத்துட்டு அனுப்பறேன்னாரு. கீழ் லோப்ல கெட்டியா ஒரு சளி உருண்டை உக்காந்திருந்துச்சாம், அதையும் உறிஞ்சி எடுத்துட்டாங்க. அவரே இருமி எடுக்க முடியாது போல, வெட்டின இடத்தைத் தாண்டி சளி ஏறி வர்றது கஷ்டம்னு சொன்னாரு.

எக்ஸ்ரேல இது எதுவுமே இல்ல. நான் பக்கத்துலயே வச்சுப் பாத்தேன்.

---

கேள்விக்கணை எழுதியது:

நல்ல செய்தி தம்பி. நான் சொன்னதைக் கேட்டு வேணாம்னு சொல்லியிருந்தீங்கன்னா அந்த கால்வாசி தெரியாமலே வீட்டுக்கு போயிருப்பீங்க, அது எனக்கு உறுத்துது.

ஆனா ஒண்ணு, அது தெரியாம போயிருந்தாலும் தானாவே ஆறியிருக்க வாய்ப்பு இருக்குல்ல? மாணவன் தம்பி சொன்ன அந்த ரெண்டு சீனியர்ல "தொந்தரவு வந்தா பாக்கலாம்" கட்சி இதைத்தான் சொல்வார்னு நெனைக்கறேன். சண்டைக்கு இல்ல, நிஜமா கேக்கறேன்.

---

மார்புக்கூடு_மாணவன் எழுதியது:

அப்படியேதாண்ணா, வார்த்தைக்கு வார்த்தை அதைத்தான் சொல்வார். வெளிறிப்போன ஓரம் நிறைய தானா ஆறும். எது ஆறும் எது ஆறாதுன்னு எட்டாம் நாள் படத்தை வச்சு சொல்ல முடியாது, அதனால ஆறாமப் போனா முதல்ல தெரியற இடத்துல ஆளை வச்சுக்கறோம், அவ்ளோதான்.

---

இரவல்மூச்சு எழுதியது:

வீட்டுக்கு போனப்புறமும் ரெண்டு மூணு மாசம் காதை தீட்டி வச்சுக்கோங்க தம்பி. பிரியறது முதல் சில வாரத்துல, சுருங்கறது அதுக்கப்புறம். ஒரு பக்கம் மட்டும் விசில், மாடிப்படி ஏறறது போன வாரத்தைவிட கஷ்டம், ஒரே இடத்துல திரும்பத் திரும்ப நிமோனியா, இதுல எது வந்தாலும் ஆஸ்துமான்னு இன்ஹேலர் வாங்கிட்டு உக்காராம போய் ஸ்கோப் கேளுங்க.

---

அரைத்தூக்கம் எழுதியது:

7 வாரம் கழிச்சு வர்றேன். ரெண்டாவது ஸ்கோப்ல வெள்ளை பாதி போயிருந்துச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒரு மாசத்துல மூணாவது, தையல் ஓரத்துல பட்டாணி அளவுல கொஞ்சம் சதை வளந்திருக்கு, காத்தை மறைக்கல, விட்டுப் பாக்கலாம்னாங்க. அப்பா தானா போய் படுத்துக்கறாரு இப்பல்லாம், என்னைக் கூப்பிடறதே இல்ல.

சும்மாஒருத்தி அக்கா, அம்மா எப்படி இருக்காங்க?

இன்னிக்கு காலைல இருமும்போது கையில ஏதோ வந்துச்சுன்னு கூப்பிட்டுக் காட்டினாரு. ஊதா கலர்ல ஒரு சின்ன நூல், ஒரு நகம் நீளம், நுனியில முடிச்சோட. ரத்தம் இல்ல, மூச்சும் நல்லா இருக்கு. போன் பண்ணா "நூல் கரையற சமயத்துல இப்படி வரும், ரத்தம் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வாங்க, இல்லன்னா அடுத்த வாரம் பாக்கலாம்"னாங்க. அப்பா அதை ஒரு மாத்திரை அட்டையில சுருட்டி ஃபைலுக்குள்ள வச்சிருக்காரு, அடுத்த வாரம் சர்ஜன்கிட்ட திருப்பிக் குடுக்கணுமாம்.

---

சும்மாஒருத்தி எழுதியது:

இடது குரல் நாண் அசையலதான் தம்பி. ஊசி போட்டு அதை நடுவுக்கு தள்ளியிருக்காங்க, இப்ப தண்ணி கெட்டியாக்கிக் குடுத்தா இருமாம குடிக்கறாங்க. குமிழ் 13ஆம் நாள் நின்னுச்சு. நேத்து போன்ல என்னை பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, காத்து கலந்த குரல்தான், ஆனா கேட்டுச்சு.